துயர்க்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?



சென்ற கோடை விடுமுறையின்போது, திருப்பதியில் நம் இல்லத்து மாடியில் ஞாயிறுதோறும் நடைபெறும் பிள்ளைகள் வகுப்பிற்கு ஓர் அம்மையார் வந்தார். வகுப்பு முடியும்வரை காத்திருந்து, பின்னர் நம்மிடம் கூறினார்: "ஐயா, நீதிக்கதை சொல்வீர்கள் என்றுதான் பிள்ளையை அனுப்பினோம். ஏதோ வெள்ளைக்காரர் நாட்டில் யூதர்களைத் துரத்திய கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். இரவெல்லாம் 'நம்மையும் வீட்டைவிட்டுத் துரத்துவார்களா அம்மா' என்று கேட்டுக்கொண்டு அவன் தூங்கவேயில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு? நமக்கு இல்லாத துன்பமா?"

அக்கேள்வி நியாயமானது. அன்று நாம் கூறிய விடையோ நியாயமானதன்று. "துக்கமே முதற் சத்தியம் அன்றோ அம்மா? பகவன் அதை மறைக்கவில்லையே" என்று, மேடையிற் பேசிப் பழகிய நாவினால் சட்டென்று சொல்லிவிட்டோம். அவர் மறுமொழி கூறாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்பத்திரிகை வாயிலாகச் சொல்ல முயல்கின்றோம். அவரும் இதைப் படிப்பவர் என்பதை அறிவோம்.

அக்கதை நம்மிடம் வந்த வகையை முதலிற் கூறுதல் வேண்டும். நம் மகள் சித்தூரில் வாழ்கின்றாள். அவள் மகளுக்கு வயது பத்து. அங்கே ஆங்கிலப் பாடசாலையிற் படிக்கின்றாள். இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் நிலையை வாசகர் பலரும் அறிவர். 1911-ல் சித்தூர் ஜில்லா அமைந்தது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. 1960-ல் திருத்தணி சென்னைக்குச் சென்றது. 2022-ல் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. இத்தனையிலும் கோடு நகர்ந்ததேயன்றி நம்மவர் வீடு நகரவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று காலம் போகின்றது. நம் பெயர்த்திக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்ட வராது. நமக்குத் தமிழும் தெலுங்கும் படிக்க வரும். ஆங்கிலமோ நூற்பாலையில் இயந்திரங்களின்மேல் எழுதியிருந்ததைப் பார்த்துக் கற்ற அளவே. ஆதலின் பாடசாலை நூல்நிலையத்திலிருந்து அவள் கொண்டுவந்த ஆங்கிலக் கதைநூலை அவளே வாய்விட்டுப் படிக்க, தெரியாத சொல்லுக்கு இருவரும் அகராதியைப் புரட்ட, தமிழும் தெலுங்கும் கலந்து அவள் பொருள் சொல்ல, நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். தாத்தா கதை சொல்லப் பெயர்த்தி கேட்கும் வழக்கம் நம் வீட்டில் தலைகீழாயிற்று.

அந்நூல் ஜூடித் கெர் என்னும் அம்மையார் எழுதி 1971-ல் வெளிவந்தது. 'ஹிட்லர் இளஞ்சிவப்பு முயலைத் திருடியபோது' என்று அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். 1933-ஆம் ஆண்டு, பெர்லின் நகரம். அன்னா என்னும் ஒன்பது வயதுச் சிறுமியின் தந்தை பெயர்பெற்ற எழுத்தாளர், யூதர், ஹிட்லரைக் கண்டித்து எழுதியவர். தேர்தல் நெருங்குகின்றது. அதில் ஹிட்லர் வென்றால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அறிந்து, காய்ச்சலோடு காய்ச்சலாக அவர் எல்லையைக் கடந்து போகின்றார். சில நாட்களில் தாயும் அன்னாவும் அண்ணன் மாக்ஸும் பின்தொடர்கின்றனர். சுவிட்சர்லாந்து, அதன்பின் பாரிஸ், முடிவில் இலண்டன். புறப்படும்போது ஒரே ஒரு பொம்மைதான் எடுத்துக்கொள்ளலாம் என்கின்றனர். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று எண்ணி, நெடுநாள் உறவான பழைய முயற்பொம்மையை விட்டுவிட்டு, புதிதாக வந்த நாய்ப்பொம்மையை அன்னா எடுத்துக்கொள்கிறாள். பின்னர் வீட்டுப் பொருள்கள் யாவும் பறிமுதலாயின என்று செய்தி வருகின்றது. தன் முயலை ஹிட்லர் மடியில் வைத்து விளையாடிக்கொண்டிருப்பான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள்.

அந்நூலில் ஓரிடத்தில், தந்தையின் தலைக்கு ஆயிரம் மார்க்கு விலை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்னா, அவருடைய தலைமீது நாணயங்களைக் கொட்டி மூச்சு முட்டச் செய்வார்கள் என்று பொருள்கொண்டு அஞ்சுகின்றாள். தலைக்கு விலை என்னும் சொல் தமிழிலும் உண்டாகையால், நம் பெயர்த்தியும் அவ்வாறே எண்ணி நம்மைக் கேட்டாள். மற்றோரிடத்தில், சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரை விடுதிக்கு விடுமுறை கழிக்க வந்த ஜெர்மானியத் தாய் ஒருத்தி, தன் பிள்ளைகள் அன்னாவோடும் மாக்ஸோடும் விளையாடக் கூடாதென்று தடுத்துவிடுகின்றாள். இதைப் படித்தபின் நம் பெயர்த்தி புத்தகத்தை மூடினாள். சற்று நேரம் கழித்து, "எதிர்வீட்டு அவ்வாவும் இப்படித்தான் தாத்தா. அந்தப் பெண் எங்கள் வாசல்வரை வருவாள், உள்ளே வரமாட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்" என்றாள். ஈராண்டுகளாக அத்தெருவில் இருக்கின்றார்கள். இச்செய்தியை அவள் தாயிடமும் அதுவரை சொன்னதில்லை.

'நமக்கு இல்லாத துன்பமா' என்று அம்மையார் கேட்டதற்கு நம் விடையின் ஒரு பாதி இதிலிருக்கின்றது. நம் குடிகள் பட்டதை நாமே பலமுறை அப்பெண்ணிடம் சொல்லியிருக்கின்றோம். கிணறும் தேநீர்க்கடையும் தனிக்குவளையும் அவள் கேட்டவையே. அவற்றைத் தாத்தாவின் காலத்துச் செய்தியாகக் கேட்டாளேயன்றித் தன் வாசலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நாமும் அவை முடிந்துபோன கதைபோலச் சொன்னோம் போலும். ஏழு கடலுக்கு அப்பாலிருந்த, தன் வயதொத்த ஒரு பெண்ணை விளையாட விடாதபோதுதான் அவள் வாய் திறந்தது.

இனி, நம்மைப்போன்றோர்க்கு எழும் ஓர் ஐயம். நாவல் படிப்பது பொய்யில் பொழுதுபோக்குவது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மில்லில் வேலைபார்த்த நாளில் தொழிற்சங்க வாசகசாலையின் நாவல் அலமாரியைத் தொட்டதுமில்லை. பொய்யுரையாமை என்னும் நான்காம் சீலத்தை மேற்கொண்டவன் இல்லாத அன்னாவை இருந்தவளாகச் சொல்லலாமோ? விசாரித்ததில், அன்னா என்பவள் பெரும்பாலும் அந்நூலாசிரியரே என்று தெரிந்தது. அவர் 1923-ல் பெர்லினிற் பிறந்து 2019-ல் மறைந்தவர். தந்தையார் ஆல்பிரட் கெர் நாடக விமரிசகர். 1933 மே 10-ஆம் நாள் நாஜிகள் தீயிலிட்ட நூல்களில் அவருடையனவும் இருந்தன. அவ்வாண்டே அவருடைய குடியுரிமையும் பறிக்கப்பட்டது. பெயரை மாற்றி, பேச்சைப் புனைந்து, நடந்ததை உணர்த்துவது பொய்யாகாது. ஜாதகக் கதையில் முயல் பேசுவதைப் பொய்யென்பார் யார்? பொய் வேறோரிடத்தில் நுழையும். அதைப் பின்னர்ச் சொல்கின்றோம்.

கதையில் ஜூலியஸ் என்று ஒரு மாமா வருகின்றார், குடும்ப நண்பர். பெர்லின் இயற்கைப்பொருட் காட்சிச்சாலையில் வேலை பார்ப்பவர். தம்மை யூதராக அவர் எண்ணியதேயில்லை. பாட்டி ஒருத்தி யூதர், அவ்வளவே. நாட்டை விட்டுப் போகவேண்டியதில்லை, இப்பித்து விரைவில் தெளிந்துவிடும் என்று நம்பித் தங்கிவிடுகின்றார். அவருக்கு விலங்குகள்மேல் மிக்க பிரியம். வேலை போனபின்னும், விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்று குரங்குகளைப் பார்ப்பது ஒன்றே அவருக்கு ஆறுதலாயிருந்தது.

கோடையில் ஒருநாள் நம் பெயர்த்தியைத் திருப்பதி வேங்கடேசுவரா விலங்குக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்றோம். புத்தகத்தையும் உடன் கொண்டுவந்திருந்தாள். வெயில் தாங்காமல் ஒரு மரத்தடிப் பெஞ்சில் அமர்ந்தோம். அவள் படிக்கத் தொடங்கினாள், வாய்விட்டன்று, மனத்துக்குள். "என்ன அம்மா, சத்தமாகப் படி" என்றோம். "இந்தப் பக்கம் வேண்டாம் தாத்தா" என்று இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினாள். வற்புறுத்திக் கேட்டபின் சொன்னாள்: "ஜூலியஸ் மாமா செத்துப்போய்விட்டார். தூக்க மாத்திரை நிறையச் சாப்பிட்டுவிட்டார். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லவில்லை." எதற்காக என்று கேட்டோம். "குரங்கு பார்க்கப் போகும் அனுமதிச் சீட்டையும் பிடுங்கிக்கொண்டார்களாம்." சிறிது பொறுத்து, "பாட்டி யூதராக இருந்தால் பேரன் குரங்கைப் பார்க்கக்கூடாதா?" என்றாள். எதிரே கூண்டில் குரங்குகள் கடலைத்தோலை உதறிக்கொண்டிருந்தன. முப்பது ஆண்டுகள் மேடையேறிப் பேசிய நமக்கு அப்போது சொல்ல ஒரு வார்த்தையும் கிட்டவில்லை. "கூடாது என்று எழுதிவைத்தார்கள் அம்மா" என்றோம். அதுவே உண்மை, வேறு காரணம் அதற்கில்லை.

மன்னர் சுத்தோதனர் மகனுடைய கண்ணில் மூப்பும் பிணியும் சாக்காடும் படாமல் மறைத்த கதையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கின்றோம். அவரைச் சற்று ஏளனமாகவும் பேசியிருக்கின்றோம். இங்கே பத்து வயதுப் பெண் ஐம்பத்தெட்டு வயதுக் கிழவருக்குச் சாவை மறைக்க முயன்றாள். மறைத்தல் அன்பினாலேயே பிறக்கின்றது என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று. ஆனால் மறைத்தமையால் நேர்ந்தது யாது? இருவர் சேர்ந்து சுமக்கக்கூடிய ஒன்றை, அவள் தனியே சுமந்துகொண்டு பெஞ்சில் அமர்ந்திருந்தாள். பிள்ளைகள் எப்படியும் அறிந்துகொள்வர். கைபேசி இல்லாத வீடு இன்று எங்கே? நாம் சொல்லாவிடில் அவர்கள் அறியாமலிருப்பதில்லை. அறிந்ததைத் தனிமையில் வைத்துக்கொள்கின்றனர். நம் முன்னோரும் இவ்வகைக் கதைகளை மறைத்தாரல்லர். மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் பிறந்த அன்றே தோட்டத்தில் விடப்படுகின்றான்; வேள்விப் பசுவை மீட்டதற்காக ஊர் அவனை அடிக்கின்றது; பிறப்பைச் சொல்லி இழிக்கின்றது; வளர்த்த தந்தையும் கைவிடுகின்றார்; அவனுடைய பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதில் கல்லை இடுகின்றனர். இக்கதையை வகுப்பிற் கேட்டபோது நம் பெயர்த்தி கேட்டது இது: "கல் போட்டவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்களே. அவர்கள் பார்த்துக்கொண்டா இருந்தார்கள்?" அக்கேள்வி அன்று நமக்கு வேடிக்கையாகத் தோன்றிற்று.

ஆகவே சொல்லவேண்டும் என்பதே நம் கொள்கை. எனினும் அம்மையாரின் மகன் உறங்காமற் போனதற்குக் காரணம் நாமே என்பதை ஒப்புக்கொள்கின்றோம். நம் பெயர்த்தி படித்த நூலில் ஒரு கொலையும் நம் கண்முன் நிகழ்வதில்லை. பெட்டி கட்டுவதும், புதுப்பாஷை கற்க முடியாமல் அழுவதும், கையில் காசில்லாமற் போவதும், பாரிஸில் வாடகைக் குடியிருப்பின் காவற்காரி ஏசுவதும் ஆகிய இவையே உள்ளன. மனிதன் உடல் பிழைத்தும் எவற்றை இழக்கின்றான் என்பதைப் பிள்ளையின் அளவுகொண்டு அளந்து வைத்திருக்கின்றார் அவ்வாசிரியர். நாம் வகுப்பில் அந்த அளவோடு நின்றோமா? இல்லை. எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை ஒருசேர உட்காரவைத்து, அன்னாவின் கதையைப் பாதி சொல்லும்போதே, பிற்பாடு அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதையும், நச்சுவாயு அறைகளையும், குவிந்து கிடந்த காலணிகளையும் எடுத்துரைத்தோம். பிள்ளைகள் மூச்சடங்கிக் கேட்டனர். அவ்வமைதி நமக்கு இனித்தது. சொற்பொழிவாளனுக்குள்ள நோய் இது. கேட்பவர் நடுங்கினால் தான் நன்றாகப் பேசினதாக நினைத்துக்கொள்வான். பெரியவர்களுக்கு அவ்வுண்மைகள் வேண்டும்; ஒன்றையும் குறைக்கக்கூடாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது பெட்டியும் பொம்மையும் மட்டுமே.

அளவறிந்து சொன்ன ஒருவரைப் பற்றிப் பின்னர்ப் படித்தோம். போலந்து நாட்டு மருத்துவரும் குழந்தை எழுத்தாளருமான யானுஷ் கோர்சாக், வார்சா நகரத்து யூதச் சேரியில் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்தியவர். 1942 ஜூலை 18-ஆம் நாள் அப்பிள்ளைகளைக் கொண்டு ஒரு நாடகத்தை நடிக்கச் செய்தார். அது நம் ரவீந்திரநாத டாகுரின் 'அஞ்சல் நிலையம்'. நோயுற்ற சிறுவன் ஒருவன் சன்னலருகே அமர்ந்து வருவோர் போவோருடன் பேசி, அரசனின் கடிதத்தை எதிர்நோக்கியிருந்து, முடிவில் அமைதியாகக் கண்மூடும் நாடகம். மூன்று வாரங்களுக்குள் அப்பிள்ளைகள் ஏறத்தாழ இருநூறு பேரும் டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தப்பிக்க வழியிருந்தும் கோர்சாக் அவர்களுடனேயே சென்றார். வங்காளத்து நாடகம் அங்கே போனது. அங்கிருந்த சிறுமியின் கதை சித்தூருக்கு வந்தது. சாவு வாயிலில் நின்ற அப்பிள்ளைகளிடம் அவர் சாவைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை என்பதைக் கண்டு நாணினோம்.

பெயர்த்தியின் கேள்விகள் அதனோடு நிற்கவில்லை. "யாரேனும் நம் நாட்டுக்கு வந்தார்களா?" என்றாள். இதற்கு மகிழ்ந்து விடை கூறினோம். 1942-ல் நவாநகர் மன்னர் திக்விஜயசிங்ஜி ஜாம்நகரையடுத்த பாலாச்சடியில் போலந்துக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோருக்குத் தங்குமிடம் அமைத்தார். அவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1943-ன் தொடக்கத்தில் தெகரானிலிருந்து பாலஸ்தீனம் சென்ற யூதப் பிள்ளைகள் கராச்சித் துறைமுகத்தின் வழியே சென்றனர். கராச்சி அன்று நம் நாட்டுத் துறைமுகம். இவற்றினும் நமக்கு நெருக்கமானது ஞானபோனிக தேரரின் வரலாறு. 1901-ல் ஜெர்மனியின் ஹனாவ் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்த சீக்மண்டு பெனிகர் என்பவர், 1936-ல் இலங்கை போந்து துறவு பூண்டார். 1939-ல் முதிய தாயாரையும் உறவினர் சிலரையும் ஹிட்லரின் ஆட்சியிலிருந்து மீட்டு இலங்கைக்கு வரவழைத்தார். அதே ஆண்டில் யுத்தம் மூண்டதும், ஜெர்மனியிற் பிறந்தவர் என்ற காரணத்தால் ஆங்கிலேயர் அவரையே பகைவராகக் கருதிக் காவலில் வைத்தனர். முதலில் தியத்தலாவை, 1941 முதல் 1946 வரை டேராடூன். யூதர் என்று அங்கே துரத்தினர். ஜெர்மானியர் என்று இங்கே அடைத்தனர். அக்காவலிலிருந்தே பாலி நூல்களை மொழிபெயர்த்தார். 1958-ல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர், 1994-ல் மறைந்தார். தாயாரும் பௌத்தராகி 1956-ல் கொழும்பிலேயே காலமானார்.

இதைக் கேட்ட நம் பெயர்த்தி மிக்க சந்தோஷத்தோடு, "அப்படியானால் அந்தத் தீவில் எல்லாரும் நம்மைப்போல் பௌத்தர்கள். அவர்கள் யாரையும் துரத்தமாட்டார்கள், இல்லையா?" என்றாள்.

அன்பர்களே, பொய் நுழையும் இடம் இதுவே. 'ஆம் அம்மா' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைய மாலை இனிதே முடிந்திருக்கும். 'துரத்தியவர் உண்மைப் பௌத்தர் அல்லர்' என்று சொல்லியும் தப்பியிருக்கலாம். ஹிட்லருக்கு வாக்களித்தவர்களும் ஞாயிறன்று ஆலயத்துக்குப் போனவர்கள்தாம் என்பதை மறந்துவிட்டால் அவ்விடை செல்லும். நாம் உள்ளதைச் சொன்னோம். 1948-ல் அங்கே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்ததையும், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர் இலட்சக்கணக்கானோர் அதனால் எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராய் ஆனதையும் சொன்னோம். 1981-ல் யாழ்ப்பாண நூல்நிலையத்தில் 97,000 நூல்கள் எரிந்ததைச் சொன்னோம். 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றவர்களைச் சொன்னோம். அந்நாட்களிலே தம் வீட்டில் தமிழரை ஒளித்துக் காத்த சிங்களரையும் சொன்னோம். 2017-ல் மியன்மாவிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடியதைச் சொன்னோம். பௌத்தர் என்னும் முறையில் நமக்குள்ள வெட்கம் இது. தமிழர் என்னும் முறையிலும் ஒன்று உண்டே. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் பல்லாயிரவரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். "ஒரு பொம்மையாவது எடுக்க விட்டார்களா?" என்றாள். அதற்குப் பின்னும் அவள் விடவில்லை. "நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள் தாத்தா? உங்களுக்குத் தெரிந்தவர் யாரையாவது துரத்தினார்களா?"

துரத்தினார்கள். அதை இதுகாறும் நாம் எவரிடமும், நம் மனைவியாரைத் தவிர, சொன்னதில்லை.

பதினெட்டாம் வயதில், திருப்பதியை அடுத்த ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தோம். ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்ட நமக்குக் கற்பித்தவர், இலங்கை மலைநாட்டிலிருந்து வந்தவர். 1964-ல் இரு நாட்டரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்று, மண்டபம் முகாமில் இறங்கி, குடும்ப அட்டையோடு வேலைதேடி இவ்வூர் வந்தவர். அவரும் மனைவியாரும் பத்து வயதளவுள்ள ஒரு பெண்ணும், நாம் குடியிருந்த வரிசையிலேயே நான்காம் வீட்டில் இருந்தனர். இரவு ஷிப்டு முடிந்து வரும்போது அவர் வீட்டில் தேநீர் தருவார்கள். சாயம் கெட்டியாக, பால் குறைவாக.

1991 மே 21-ஆம் நாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அடுத்து வந்த நாட்களில் 'சிலோன்காரர்' என்ற சொல்லே குற்றமாயிற்று. அவர் அகதியல்லர், பாஸ்போர்ட்டு உள்ள இந்தியர் என்பதையெல்லாம் கேட்பார் யார்? ஓரிரவு அவர் நம் வீட்டுக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே, "தம்பி, நாளைக் காலையில் வீட்டுக்காரர் பேச வருவார். ஆறு வருஷமாக எங்களைத் தெரியும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார். சரி அண்ணே என்றோம். காலையில் தெருவார் கூடினர். "இவர்களைப் பற்றி இங்கே யாருக்காவது தெரியுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நமக்கு மணமாகி ஓராண்டு. நாம் இருந்ததும் அவர் வீடே. போலீஸ் விசாரணை என்றால் வேலை போய்விடும் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள். இக்காரணங்களெல்லாம் பொய்யல்ல. நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நம்மைப் பார்த்தாரா என்பதும் தெரியாது. நடுப்பகலுக்குள் போய்விட்டனர். அப்பெண் பள்ளிப்பையும் ஒரு தூக்குச்செம்பும் எடுத்துக்கொண்டு தாயின் பின்னால் நடந்தாள். நெல்லூர்ப் பக்கம் போனதாக மில்லில் பேசிக்கொண்டனர்.

இதைப் பெயர்த்தியிடம் சொன்னோம். அழுவாள், அல்லது நம்மை வெறுப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கேட்டவை இரண்டே. "அந்தப் பெண் எதை விட்டுவிட்டுப் போனாள்?" தெரியாது அம்மா, பார்க்கவில்லை என்றோம். "அவள் பெயர் என்ன?" என்றாள். எவ்வளவு முயன்றும் அப்பெயர் நினைவுக்கு வரவில்லை. இன்றுவரையிலும் வரவில்லை.

அன்று வந்த அம்மையாருக்கு இப்போது கூறுகின்றோம். அம்மா, அளவு தவறிச் சொன்னது நம் பிழை. தங்கள் மகன் 'நம்மையும் துரத்துவார்களா' என்று மீண்டும் கேட்டால், 'ஒருகாலும் இல்லை' என்று சொல்லவேண்டாமென்று கேட்டுக்கொள்கின்றோம். அது நம் கையில் இல்லாத வாக்கு. அருகிற் படுக்கவைத்து, டென்மார்க்குத் தேசத்தில் 1943 அக்டோபரில் நடந்ததைச் சொல்லுங்கள். அந்நாட்டு மக்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்களை மீன்படகுகளில் ஏற்றிக் கடல்கடத்திச் சுவீடன் நாட்டிற் கொண்டு சேர்த்தனர். லோயிஸ் லௌரி என்பவர் அதை வைத்து 1989-ல் ஒரு சிறுவர் நாவல் எழுதியிருக்கின்றார். பத்து வயதானபின் அவனே படிக்கலாம். அதுவரை படகுகளே போதும். தங்களுடைய வீட்டிலும் யாரையேனும் காத்த கதையோ, காவாமல் விட்ட கதையோ இருக்கக்கூடும். அவன் கேட்கும் நாள் வரும்.

வரும் ஞாயிறு முதல் வகுப்பை இரண்டாகப் பிரிக்கின்றோம். பத்து வயதுக்குட்பட்டோர் காலை ஒன்பது மணிக்கும், மேற்பட்டோர் பதினொரு மணிக்கும் வரலாம். நூலை வைத்திருக்க விரும்புவோர் கேட்டால், நம் பெயர்த்தி சொல்லச்சொல்ல நாம் தமிழில் எழுதிவைத்துள்ள குறிப்பைத் தருவோம், பிழைகள் இருக்கும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 1991 மே மாத இறுதியில் திருப்பதியை விட்டு நெல்லூர்ப் பக்கம் சென்ற, இலங்கை மலைநாட்டிலிருந்து வந்த நூற்பாலைத் தொழிலாளர் குடும்பம் ஒன்றை அறிந்த அன்பர் எவரேனும் இருப்பின், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுவாராக. அப்பெண்ணுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதளவு இருக்கும்.